பட்டாளத்துக்குப் போன பஞ்சாப் விவசாயி

(நமது சங்கத்தின் வட்டப் பேரவையில் செயலாளர் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



மறியல் பற்றித் தலைவர் விளக்கமாகப் பேசிவிட்டார். நில எடுப்பு நோட்டீஸ் யார் யாருக்கு வந்திருக்கிறது, எத்தனை ஏக்கர் போகிறது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் அதைத் திரும்பப் படிக்கப் போவதில்லை. போன வாரம் கிளைக் கூட்டத்தில் ஒரு பெரியவர் ஒரு கேள்வி கேட்டார். "ஏம்ப்பா, என் மூத்த பேரன் பட்டாளத்துல இருக்கான். சின்னவன் போலீஸ் வேலைக்குத் தினமும் காலையில ஓடிக்கிட்டிருக்கான். நாம ரோட்டுல உக்காந்தா எதிர்ல லத்தியோட நிக்கிறவனும் நம்ம வீட்டுப் பிள்ளைதானே? இது எங்க போய் முடியும்?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இதே கேள்வி நூறு வருஷத்துக்கு முன்னால் பஞ்சாபில் வந்தது. அங்கே இந்தக் கேள்வியை நினைத்துத் தூக்கம் கெட்டவன் வெள்ளைக்கார சர்க்கார்.

அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சாபில் ரஞ்சித் சிங் என்ற மகாராஜா ஆண்டார். 1839ல் இறந்தார். அவர் படை அன்றைக்கு இந்தியாவிலேயே கம்பெனிக்காரனுக்குச் சமமாக நிற்கக்கூடிய படை. அவர் போனபிறகு வாரிசுச் சண்டை, தர்பாரில் துரோகம். 1845லும் 1848லும் இரண்டு யுத்தம் நடந்தது. சில்லியன்வாலா என்ற இடத்தில் 1849 ஜனவரியில் வெள்ளைக்காரன் வாங்கிய அடி லண்டன் வரைக்கும் பேசப்பட்டது. ஆனாலும் அதே வருஷம் மார்ச்சில் பஞ்சாப் அவன் கைக்குப் போய்விட்டது. சீக்கியப் படையைக் கலைத்தார்கள். ஆயுதத்தை வாங்கிக்கொண்டு, "போய் ஏரைப் பிடி" என்று அனுப்பினார்கள்.

எட்டே வருஷம். 1857 கலகம் வந்தது. டெல்லி கைவிட்டுப் போனது. அப்போது வெள்ளைக்காரன் ஓடிவந்து கதவைத் தட்டியது, ஏர் பிடிக்க அனுப்பினானே அதே சீக்கியன் வீட்டில்தான். சீக்கியர்களும் போனார்கள். ஏன் போனார்கள்? இதைச் சிலர் துரோகம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 1840களில் கம்பெனிக் கொடியோடு வந்து பஞ்சாபை அடித்தவர்கள் யார்? இப்போது கலகம் செய்கிறார்களே, அதே வங்காளப் படையின் கிழக்கத்திச் சிப்பாய்கள். அந்த ஆறாத புண் இருந்தது. பாட்டியாலா, ஜிந்த், நாபா ராஜாக்கள் வெள்ளைக்காரன் பக்கம் நின்றார்கள். வேலையில்லாமல் கிடந்தவனுக்குச் சம்பளம் கிடைத்தது. ஒருத்தன் காயத்தை வைத்து இன்னொருத்தனை அடிப்பது எப்படி என்பதை வெள்ளைக்காரன் அங்கே நன்றாகக் கற்றுக்கொண்டான்.

அதன்பிறகுதான் "வீர இனம்" என்ற கதை கட்டப்பட்டது. இது நமக்கும் சம்பந்தப்பட்ட விஷயம். ராபர்ட்ஸ் என்று ஒரு தளபதி. 1881 முதல் 1885 வரைக்கும் மெட்ராஸ் படைக்குத் தளபதி. அடுத்து 1893 வரைக்கும் இந்தியப் படைக்கே தலைமைத் தளபதி. இவர் என்ன சொன்னார் என்றால், தெற்கே இருக்கிறவன் சண்டைக்கு லாயக்கில்லை, வடமேற்கே இருக்கிறவன்தான் பிறவிப் போர்வீரன். யார் தோளில் ஏறிக் கம்பெனி இந்தியாவைப் பிடிக்க ஆரம்பித்ததோ, அந்த மெட்ராஸ் சிப்பாய் ஒரே நாளில் கோழையாகிவிட்டான்! மெட்ராஸ் பட்டாளங்கள் பலவற்றைக் கலைத்தார்கள். சிலவற்றில் பழைய ஆட்களை அனுப்பிவிட்டுப் பஞ்சாப் ஆட்களை நிரப்பி, 1903ல் பெயரையும் "பஞ்சாபிகள்" என்று மாற்றினார்கள்.

வீரம் ரத்தத்தில் இருக்கிறதா என்று நான் விவாதிக்கவில்லை. ஆள் எடுத்தவன் யாரைத் தேடினான் என்று பாருங்கள். பட்டணத்தான் வேண்டாம், நாலு எழுத்துப் படித்தவன் வேண்டாம். கிராமத்தில் கொஞ்சம் நிலம் இருக்கிற, வெயிலில் வேலை செய்து உடம்பு இறுகின, எதிர்க்கேள்வி கேட்காத விவசாயி மகன் வேண்டும். சீக்கியன் என்றால் முடி வெட்டாமல், மத முறைப்படி அமிர்தம் எடுத்தவனாக இருக்க வேண்டும் என்று பட்டாளமே கண்டிப்பு வைத்தது. அவன் மதத்துக்கு வெள்ளைக்கார அதிகாரி காவலாளி ஆகிவிட்டான்! தாழ்த்தப்பட்ட மஜ்பி சீக்கியர்களையும் எடுத்தார்கள். ஆனால் தனியாக, பயனியர் படை என்று. மலையில் பாதை வெட்டவும், பாலம் போடவும், தேவைப்பட்டால் சண்டை போடவும்.

விவசாயி மகன் ஏன் போனான்? கிஸ்தியைப் பணமாகக் கட்டு என்றது புதிய சர்க்கார். விளைந்தாலும் விளையாவிட்டாலும் தேதி தவறக் கூடாது. பணத்துக்கு லேவாதேவிக்காரனிடம் போனான். கடன் பத்திரத்தை எடுத்துக்கொண்டு லேவாதேவிக்காரன் கோர்ட்டுக்குப் போனான். கோர்ட்டு நிலத்தை அவனுக்கு எழுதிக் கொடுத்தது. இருக்கிற நிலமோ அண்ணன் தம்பி பாகத்தில் துண்டு துண்டாகிவிட்டது. அப்போது ஒரு மகனைப் பட்டாளத்துக்கு அனுப்பினால் மாசச் சம்பளம் வரும், பென்ஷன் வரும். 1914ல் ஒரு சிப்பாய்க்கு மாதம் 11 ரூபாய். அந்தப் பதினொரு ரூபாய்தான் பல குடும்பங்களின் நிலத்தை ஏலத்திலிருந்து காப்பாற்றியது. நம் ஊரிலும் எத்தனை வீட்டில் மூத்தவன் பட்டாளத்துப் பணத்தில் அடமானம் மீட்டிருக்கிறீர்கள், சொல்லுங்கள்!

இந்தச் சம்பளத்துக்கு அவன் எங்கெல்லாம் போனான்? சீனாவுக்குப் போனான், எல்லைப்புற மலைக்குப் போனான், ஆப்பிரிக்காவுக்குப் போனான். ஹாங்காங்கிலும் ஷாங்காயிலும் மலாயாவிலும் போலீஸ்காரனாக நின்றான். மலாயா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவன் நம் தமிழன், அங்கே போலீஸ் உடுப்பில் நின்றவர்களில் பலர் சீக்கியர். இரண்டு பேரையும் கப்பலேற்றியது ஊரில் இருந்த கடன்தான். 1897 செப்டம்பர் 12ல் சாராகடி என்ற எல்லைப்புறக் காவல் நிலையில் 36வது சீக்கியப் படையின் 21 சிப்பாய்கள் ஆயிரக்கணக்கான பத்தான்களை எதிர்த்து நின்று ஒருவர் மிச்சமில்லாமல் செத்தார்கள். அவர்கள் வீரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் எதிரே வந்த பத்தானும் தன் மண்ணுக்காகத்தான் வந்தான். செத்தவர்கள் குடும்பத்துக்கு சர்க்கார் கொடுத்தது என்ன? ஆளுக்கு 50 ஏக்கர் நிலமும் 500 ரூபாயும். நிலம்தான் அவனை இழுக்கும் கயிறு என்று சர்க்காருக்குத் தெரிந்திருந்தது.

நிலத்தைக் கொடுத்த கை

1900ல் ஒரு சட்டம் போட்டான். பஞ்சாப் நில உரிமை மாற்றச் சட்டம். விவசாயச் சாதியின் நிலத்தை மற்றவர்கள் வாங்கவோ நிரந்தரமாக அடமானம் பிடிக்கவோ முடியாது என்றான். விவசாயி மேல் அவ்வளவு பாசமா? பாசம் ஒன்றுமில்லை. எல்லையில் காவல் நிற்கிற சிப்பாய்க்கு, "உன் அப்பன் நிலம் ஏலம் போய்விட்டது" என்று கடிதம் வந்தால் அவன் துப்பாக்கியை எந்தப் பக்கம் திருப்புவான் என்ற பயம். அந்தச் சட்டத்திலும் ஒரு ஓட்டை உண்டு. யார் விவசாயி என்பதைச் சாதியை வைத்து முடிவு செய்தார்கள். வயலில் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்த தாழ்த்தப்பட்ட மக்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அவர்கள் கையில் பணம் இருந்தாலும் நிலம் வாங்க முடியாது. விவசாயிகளுக்குள்ளேயே கோடு கிழித்த சட்டம் அது. நம் சங்கத்தில் குத்தகைக்காரரும் கூலித் தொழிலாளியும் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று நான் அடித்துப் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு பக்கம் வாய்க்கால் வெட்டினார்கள். செனாப் ஆற்றிலிருந்து 1892ல் வாய்க்கால் திறந்தது. இன்றைக்குப் பாகிஸ்தானில் இருக்கிற லயால்பூர், இப்போது ஃபைசலாபாத் என்று பெயர், அந்தப் பக்கம் முழுக்க முள்ளுக்காட்டுப் பொட்டல். அங்கே மத்திய பஞ்சாபிலிருந்து விவசாயிகளைக் குடியேற்றினார்கள். ஊருக்குப் பெயர்கூடக் கிடையாது, 'சக்' என்று போட்டு ஒரு நம்பர். ஓய்வுபெற்ற சிப்பாய்களுக்கும் நிலம் கொடுத்தார்கள். ஜீலம் வாய்க்கால் பகுதியில் நிலம் வேண்டுமென்றால் பட்டாளத்துக்குக் குட்டி போட ஒரு பெண் குதிரை வளர்க்க வேண்டும் என்று நிபந்தனை. மகன் பட்டாளத்துக்கு, குதிரைக் குட்டியும் பட்டாளத்துக்கு!

முள்ளை வெட்டி, மேடு பள்ளம் திருத்தி, பாம்புக்கும் காய்ச்சலுக்கும் தப்பி, பொட்டலைப் பொன் விளையும் பூமியாக்கினான் விவசாயி. ஆக்கிய பிறகு சர்க்கார் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது. 1906 கடைசியில் காலனி மசோதா. நிலம் உனக்குச் சொந்தமில்லை, சர்க்காருடையது. அப்பன் செத்தால் ஒரே வாரிசுக்குத்தான் போகும். வாரிசு இல்லையென்றால் சர்க்கார் எடுத்துக்கொள்ளும். வீடு இப்படிக் கட்டு, மரம் இப்படி நடு, மீறினால் அபராதம், கோர்ட்டுக்குப் போக முடியாது. அதே சமயம் பாரி தோவாப் வாய்க்காலில் தண்ணீர்த் தீர்வையையும் ஏற்றினார்கள். நம் கையில் இருக்கிற நோட்டீஸை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பாஷை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும்.

1907 மார்ச்சில் லயால்பூரில் விவசாயிகள் கூடினார்கள். லாலா லஜபதி ராய் வந்தார். அஜித் சிங் வந்தார். அஜித் சிங் யார் தெரியுமா? பகத் சிங்கின் சித்தப்பா. பாங்கே தயாள் என்ற பத்திரிகைக்காரர் அங்கே ஒரு பாட்டுப் பாடினார். "பகரி சம்பால் ஜட்டா" என்ற அந்தப் பாட்டின் பெயரே போராட்டத்தின் பெயராகிவிட்டது. பகரி என்றால் தலைப்பாகை, ஜட்டா என்றால் உழவனே. உன் தலைப்பாகையைப் பார்த்துக்கொள் என்று அர்த்தம். நம் ஊரில் தோள் துண்டு எப்படியோ அங்கே தலைப்பாகை அப்படி. மானம்.

கூட்டத்துக்குக் கூட்டம் ஜனம் பெருகியது. அதில் சிப்பாய்களும் வந்து நிற்கிறார்கள் என்று போலீஸ் ரிப்போர்ட் போனது. லீவில் ஊருக்கு வந்தவன், பென்ஷன் வாங்கியவன், படையில் இருப்பவனின் அப்பன், அண்ணன். அதுவும் 1907, கலகம் நடந்து சரியாக ஐம்பதாவது வருஷம். சர்க்காருக்கு வயிறு கலங்கியது. 1818ஆம் வருஷத்து ஒழுங்குமுறைச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, விசாரணையே இல்லாமல் லாலாவை மே மாதம் பர்மாவில் மாண்டலேக்கு நாடு கடத்தினார்கள். கொஞ்ச நாளில் அஜித் சிங்கையும் அனுப்பினார்கள். தலைவர்களைப் பிடித்தார்கள், சரி. மசோதா என்ன ஆயிற்று? மே 26ந் தேதி வைஸ்ராய் மிண்டோ பிரபு ஒப்புதல் தர மறுத்துக் கிழித்துப் போட்டார். பஞ்சாப் சபையில் நிறைவேறிய சட்டம்! தண்ணீர்த் தீர்வை உயர்வும் நின்றது. நவம்பரில் இரண்டு பேரையும் விடுதலை செய்தார்கள்.

மிண்டோ பிரபுவுக்கு விவசாயி மேல் இரக்கம் வந்துவிடவில்லை. சட்டத்தை அமல்படுத்த யாரை அனுப்புவது? அனுப்பப்படுகிறவனின் நிலம்தானே பறிபோகப் போகிறது! பெரியவர் கேட்ட கேள்விக்கு 1907ல் கிடைத்த பதில் இது.

உலகப் போரும் ஊர் மணியக்காரரும்

1914ல் முதல் உலகப் போர். நாட்டு ஜனத்தொகையில் நூற்றுக்கு இரண்டுகூட இல்லாத சீக்கியர்கள், அப்போது இந்தியப் படையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. பருத்தி உடுப்போடு போய் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பனியில் பதுங்கு குழியில் நின்றார்கள். 1915 ஜூன் 4ல் துருக்கியில் கலிபோலி முனையில் 14வது சீக்கியப் படை ஒரே நாளில் பெரும்பகுதி அழிந்தது. இங்கிலாந்தில் பிரைட்டன் ஊருக்கு வெளியே ஒரு குன்றில், ஆஸ்பத்திரியில் இறந்த 53 இந்து, சீக்கியச் சிப்பாய்களை எரித்த இடத்தில் இன்றைக்கும் வெள்ளைக் கல் மண்டபம் ஒன்று நிற்கிறது.

அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களை சர்க்கார் பிரித்துப் படித்தது. அதனால் சிப்பாய்கள் மறைபொருளில் எழுதினார்கள். கறுப்பு மிளகு என்றால் இந்தியச் சிப்பாய், சிவப்பு மிளகு என்றால் வெள்ளைக்காரச் சிப்பாய். கறுப்பு மிளகு தீர்ந்துபோகிறது என்று எழுதினால் அப்பனுக்குப் புரிந்துவிடும். மகனை அனுப்பாதே என்று அர்த்தம். விவசாயி மூளை எங்கே போனாலும் விவசாயி மூளைதான்.

ஊரில் என்ன நடந்தது? ஓட்வயர் என்பவர் பஞ்சாப் கவர்னர். முதலில் நயமாகக் கேட்டார்கள், பிறகு ஊருக்கு இத்தனை ஆள் என்று கணக்கு வைத்தார்கள். நம்பர்தார் என்று அங்கே சொல்வார்கள், நம் மணியக்காரர் மாதிரி. அவர் தலையில் பொறுப்பு. ஆள் கொடுக்காத ஊருக்குத் தண்ணீர் விடமாட்டோம், வரி போடுவோம் என்ற மிரட்டல்கள் பிற்பாடு விசாரணையில் வெளியே வந்தன. நிலத்தைக் காட்டி இழுத்தவன் இப்போது தண்ணீரைக் காட்டித் தள்ளினான். இந்தியப் படையின் சண்டைச் சிப்பாய்களில் பாதிக்குக் கிட்டே பஞ்சாப் ஒன்றே கொடுத்தது. இந்த ஊரிலிருந்து போருக்குப் போனவர் இத்தனை, உயிர் கொடுத்தவர் இத்தனை என்று கிராமச் சுவரில் கல் பதித்தார்கள். நிலம்?  கிடைத்தது சில ஆயிரம் பேருக்கு.

மறுத்தவர்களும் இருந்தார்கள். கனடாவுக்குப் பிழைக்கப் போன முன்னாள் சிப்பாய்கள், "இவன் சாம்ராஜ்யத்துக்காக ரத்தம் சிந்தினோம், இவன் நாட்டில் நம்மைக் கால் வைக்க விடமாட்டேன் என்கிறான்" என்று புரிந்துகொண்டார்கள். 1914ல் கோமகட்டா மாரு கப்பலில் 376 பேர் வான்கூவர் போனார்கள், பெரும்பாலும் சீக்கியர். இரண்டு மாசம் கடலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். கல்கத்தா பக்கம் பஜ்பஜ் துறையில் இறங்கியவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு. கதர் கட்சிக்காரர்கள் பட்டாளத்துக்குள்ளேயே கலகம் செய்ய 1915 பிப்ரவரியில் திட்டம் போட்டார்கள். காட்டிக் கொடுக்கப்பட்டது. கர்த்தார் சிங் சரபா தூக்கில் தொங்கியபோது வயது 19.

போர் முடிந்த சன்மானம் 1919 ஏப்ரல் 13, ஜாலியன்வாலா பாக். வைசாகிக்கு அமிர்தசரஸ் வந்த கிராமத்து ஜனமும் அந்தக் கூட்டத்தில் இருந்தது. சர்க்கார் கணக்கே 379 பிணம்.

கருவேல விறகு

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். 1922. அமிர்தசரஸ் பக்கத்தில் குரு கா பாக் என்று ஒரு குருத்வாரா. அதற்கு நிலம் உண்டு, நிலத்தில் கீக்கர் மரம் உண்டு. கீக்கர் என்றால் வேறொன்றுமில்லை, நம் கருவேல மரம். ஆகஸ்டு 8ந் தேதி அன்னதான அடுப்புக்கு விறகு வெட்டிய ஐந்து அகாலிகளைத் திருட்டுக் கேஸ் போட்டுப் பிடித்தார்கள். கோயில் நிலம், கோயில் மரம், கோயில் அடுப்பு, அதற்குத் திருட்டுக் கேஸ்!

தினமும் ஒரு கூட்டமாக, கையை ஓங்க மாட்டோம் என்று அகால் தக்த் முன்னால் சத்தியம் செய்துவிட்டு நடந்து போனார்கள். போலீஸ் பூண் போட்ட தடியால் அடித்தது. விழுந்தவன் எழுந்து மறுபடி அடி வாங்கினான். ஆண்ட்ரூஸ் என்ற வெள்ளைக்காரப் பாதிரியார் நேரில் பார்த்துப் பதறிப்போய் எழுதினார். செப்டம்பரில் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கைது செய்ய ஆரம்பித்தார்கள். ஐயாயிரம் பேருக்கு மேல் ஜெயிலுக்குப் போனார்கள். அடி வாங்கியவர்களில் பலர், உலகப் போரில் அதே சர்க்காருக்காகக் குண்டு வாங்கியவர்கள். ஜெர்மன்காரனைக் கைகலப்பில் பிடித்து அடித்தவன், இங்கே ஒரு கான்ஸ்டபிள் தடிக்கு முன்னால் கையைக் கட்டி நிற்கிறான். எது கஷ்டம் என்று பட்டாளத்துக்குப் போய் வந்தவர்களைக் கேளுங்கள்.

அக்டோபரில் பென்ஷன் வாங்கிய சிப்பாய்களே ஒரு ஜத்தாவாகக் கிளம்பினார்கள். ஓய்வுபெற்ற சுபேதார் அமர் சிங் தலைமை. அவர்களையும் பிடித்து, ரயிலேற்றி அட்டாக் கோட்டைக்கு அனுப்பினார்கள். வழியில் பஞ்சா சாகிப். அங்கே இருந்த ஜனம், பசியோடு போகிறவர்களுக்கு ரொட்டி கொடுக்க வேண்டும் என்று சமைத்து எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தது. ரயில் இங்கே நிற்காது என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். அக்டோபர் 30, 1922. தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். வண்டி ஏறியது. கரம் சிங், பிரதாப் சிங் இரண்டு பேர் செத்தார்கள். ரயில் நின்றது. ரொட்டியைக் கொடுத்தார்கள்.

இது பட்டாளத்துக்குள்ளேயும் போய்ச் சேர்ந்தது. கறுப்புத் தலைப்பாகை கட்டியதற்கும் கிர்பான் வைத்ததற்கும் சிப்பாய்கள் தண்டிக்கப்பட்டார்கள். அப்பன் குரு கா பாகில் அடி வாங்குகிறான், மகன் பட்டாளத்தில் வெள்ளைக்காரனுக்குச் சல்யூட் அடிக்கிறான். எத்தனை நாளைக்கு அடிப்பான்? 1925ல் குருத்வாராச் சட்டம் வந்தது, கோயில்கள் ஜனங்கள் கைக்கு வந்தன. 1942ல் மலாயாவில் பிடிபட்ட சிப்பாய்களைக் கொண்டு கேப்டன் மோகன் சிங் இந்திய தேசிய ராணுவத்தை ஆரம்பித்தார். பிற்பாடு நேதாஜியின் கீழே தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அதில் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். முன்னே சொன்னேனே, ரப்பர் பால் வெட்டியவனும் பஞ்சாபிச் சிப்பாயும் என்று, அவர்கள் ஒரே வரிசையில் நின்றார்கள்.

2020 நவம்பரில் டெல்லி எல்லையில் பஞ்சாப், ஹரியானா விவசாயிகள் உட்கார்ந்தபோது சட்டையில் மெடல் குத்திய கிழவர்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். முன்னாள் ராணுவத்தினர். 2021 பிப்ரவரி 23ஐ பகரி சம்பால் தினம் என்று கொண்டாடினார்கள், அஜித் சிங்கின் நினைவாக. அந்த நவம்பரில் மூன்று வேளாண் சட்டங்களும் வாபஸ் ஆயின. அதற்கு நடுவே குளிரிலும் வெயிலிலும் எத்தனையோ பேர் செத்தார்கள்.

ஆகவே கிளைச் செயலாளர்களுக்கு இரண்டு வேலை. ஒன்று, உங்கள் ஊரில் இருக்கிற முன்னாள் பட்டாளத்துக்காரர்கள், ஓய்வுபெற்ற போலீஸ்காரர்கள் பட்டியலை அடுத்த கமிட்டிக்குள் கொண்டு வாருங்கள். நேரில் போய் அழைக்க வேண்டும், துண்டு நோட்டீஸ் மட்டும் போதாது. மெடல் இருந்தால் குத்திக்கொண்டு முன்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். இரண்டாவது, மறியல் அன்று எதிரே நிற்கிற போலீஸ்காரரை ஒரு வார்த்தை வசை பேசக் கூடாது. கல், குச்சி எதுவும் கையில் இருக்கக் கூடாது. நாம் காய்ச்சுகிற கஞ்சியில் வெயிலில் நிற்கிற அவர்களுக்கும் ஒரு பானை எடுத்து வையுங்கள், வேண்டாம் என்று சொன்னாலும் வையுங்கள். அரிசி கொடுக்கிற கிளைகள் இன்றைக்கே பொருளாளரிடம் பெயரைப் பதிந்துவிடுங்கள்.